அப்பா கொடுத்த கயிறு

என் மகனே,

நீ மெட்ராஸ் போய்ச் சேர்ந்திருப்பாய். வேலைக்குச் சேருவதற்கான காகிதங்களை வாங்கிக்கொண்டு சனிக்கிழமை ஊருக்கு வருவாய், ஞாயிறு பூசை பார்ப்பாய், திங்கட்கிழமை காலையில் மாஜிஸ்திரேட்டாகப் போய் உட்காருவாய். இடையில் இருக்கிற இந்தச் சில நாளுக்குள் இதை நீ படித்துவிட வேண்டும் என்றுதான் எழுதுகிறேன். நேரில் சொன்னால் நீ பாதியில் குறுக்கே பேசுவாய். வக்கீலாக இருந்த பழக்கம், உன்னைக் குறை சொல்லவில்லை. ஆனால் இதைக் குறுக்கீடு இல்லாமல் கேட்க வேண்டும், நானும் நிறுத்தாமல் சொல்லி முடிக்க வேண்டும்.

உத்தரவு வந்த அன்று தெருவே வீட்டுக்குள் வந்துவிட்டது. தோணி முதலாளி அண்ணாச்சி மக்ரூன் டப்பா கொடுத்தனுப்பினார். பங்குச் சாமியார் வந்து ஆசீர் கொடுத்தார். நான் அடுக்களையிலேயே நின்றுகொண்டிருந்தேன். அம்மாவுக்குச் சந்தோஷமில்லை என்று நீ நினைத்தாய். அது பாதி உண்மை. சாப்பிட உட்கார்ந்தபோது நீ சொன்னாய், "அப்பா காலம் வேற, இப்ப வேற அம்மா. அதெல்லாம் சரியாயிட்டு. அரசியல் சட்டத்தையே திருத்தியாச்சு. இனிமே எமர்ஜென்ஸியே வந்தாலும் உயிர் உரிமையில கைவைக்க முடியாது." நான் உனக்கு ரசம் ஊற்றினேன். எனக்குள் கோபம் கிடந்து கொதித்தது. அந்தக் கோபம் உன்மேல் வந்ததல்ல, அந்த 'சரியாயிட்டு' என்கிற வார்த்தைமேல் வந்தது. எது சரியாயிற்று, எது ஆகவில்லை என்று உனக்குப் பாதிதான் தெரியும். மீதியை நாங்கள் உன்னிடம் மறைத்தோம்.

உனக்குத் தெரிந்ததிலிருந்தே தொடங்குகிறேன். உன் அப்பா கொழும்பிலிருந்து தோணியோடு திரும்பிக்கொண்டிருந்தார். கரை கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் ஒரு வல்லம், சுக்கான் உடைந்து, இரண்டு பேரோடு அலைந்துகொண்டிருந்தது. குடிக்கத் தண்ணீர் கேட்டார்கள். கொடுத்தார். கயிறு கேட்டார்கள். கொடுத்து, தோணியில் கட்டி இழுத்து வந்தார். நம் கடலில் ஒரு வழக்கம் உண்டு, உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தத்தளிக்கிறவனிடம் பெயர் கேட்பதில்லை, ஊர் கேட்பதில்லை, படகில் என்ன இருக்கிறது என்று கேட்கவே கேட்பதில்லை. கேட்டால் அவனை விலை பேசுவது மாதிரி. அதனால் அவர் கேட்கவில்லை. வலைக்கு அடியில் நைலான் துணியும் கைக்கடிகாரமும் மூட்டை மூட்டையாக இருந்தன. சுங்கப் படகு வந்ததும் அந்த இரண்டு பேரும் குதித்து நீந்திப் போய்விட்டார்கள். கயிற்றின் இந்த முனையில் உன் அப்பா நின்றுகொண்டிருந்தார். நம்மூரில் பள்ளிக்கூடத்துப் பையன்கூட அந்த இடத்தில் கயிறு கொடுத்திருப்பான். கரையிலிருந்து வந்தவர்களுக்கு அது புரியவில்லை. "யாருன்னே தெரியாதவனுக்கு எவனாவது கயிறு கொடுப்பானா?" என்று கேட்டார்களாம்.

பிடித்த மறுநாளே மாஜிஸ்திரேட்டிடம் கொண்டுபோய் நிறுத்தினார்கள். ஒரு நாளுக்குள் நிறுத்தியாக வேண்டும் என்று அரசியல் சட்டத்தில் இருக்கிறதே, அதைச் சரியாகச் செய்தார்கள். நான் கோர்ட் ஓரத்தில் நின்றேன். அவருக்கு இடது கண்ணுக்குக் கீழே வீங்கியிருந்தது. கையில் விலங்கு. உன் அப்பா மாஜிஸ்திரேட்டையே பார்த்துக்கொண்டிருந்தார், கேட்டால் சொல்லலாம் என்று. மாஜிஸ்திரேட் காகிதத்தைப் பார்த்தார், பெயரைக் கேட்டார், கையெழுத்துப் போட்டார், அடுத்த காகிதக் கட்டை எடுத்தார். அவர் கெட்ட மனிதர் என்று நான் சொல்லவில்லை. அன்றைக்கு அவருக்கு வேலை அதிகமாக இருந்திருக்கலாம், தலைவலியாகக்கூட இருந்திருக்கலாம். ஆனால் அந்தக் கண் வீக்கத்தைப் பார்க்கும்படி ஓர் ஆளை அங்கே உட்கார வைத்திருக்கிறார்கள், அதற்காகத்தான் அந்த நாற்காலியே. அவர் தலையைத் தூக்கியிருந்தால் போதும். இப்போது நீ அந்த வேலைக்குத்தான் போகிறாய்.

பிறகு ஜாமீன் கிடைத்தது. நம் வக்கீல் சார், நாசரேத்துக்காரர், உனக்குச் சட்டம் படிக்கச் சொன்னவரே அவர்தான், ஓடியாடி வாங்கிக் கொடுத்தார். நான் வேட்டி சட்டை எடுத்துக்கொண்டு ஜெயில் வாசலில் காத்திருந்தேன். வாசலைத் தாண்டுவதற்குள் இன்னொரு காகிதத்தை நீட்டி மறுபடியும் உள்ளே கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். கடத்தல்காரர்களை வழக்கே இல்லாமல் உள்ளே வைக்க அப்போதுதான் புதுச்சட்டம் வந்திருந்தது. இன்ன குற்றம் செய்தார் என்று நிரூபிக்க வேண்டாம், இனிமேல் செய்யக்கூடும் என்று அதிகாரி ஒருவர் நினைத்தால் போதும். என்ன காரணத்துக்காக என்று இங்கிலீஷில் அடித்த தாள் கொடுத்தார்கள். உன் அப்பாவுக்குத் தமிழே எழுத்துக்கூட்டித்தான் வரும். கையெழுத்தைத் தமிழில் போட்டுக் கொடுத்துவிட்டு, "டீச்சர் வந்தா வாசிச்சுச் சொல்லுவா" என்று என்னைச் சொன்னாராம்.

வக்கீல் சார் அதைப் பார்த்துச் சிரித்துவிட்டார். எனக்கு அடிக்கலாம் போல இருந்தது. "பயப்படாதீங்க டீச்சர், நல்லதாப் போச்சு. அவருக்குப் புரியிற பாஷையில காரணம் சொல்லலேன்னா, சொன்னதாவே ஆகாது. தீர்ப்பு இருக்கு. கோடை லீவு முடிஞ்சு ஹைகோர்ட் திறக்கட்டும், இந்த ஒரு பாயிண்டுலயே வெளிய கொண்டாந்துருவேன்" என்றார். நான் அந்த லீவு முடிகிற தேதியை நம்பிக்கொண்டு வாழ்ந்தேன். கோர்ட் திறக்கிற நேரத்தில் எமர்ஜென்ஸி வந்துவிட்டது.

அந்த நாட்களில்தான் நான் சட்டம் கற்றுக்கொண்டேன். உன்னைப் போலப் புத்தகம் வைத்துப் படிக்கவில்லை, வக்கீல் சார் வீட்டு முன்னறையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கேட்டுக் கற்றுக்கொண்டேன். எனக்கு விளங்கிய விதத்தில் சொல்கிறேன், சிரிக்காதே. நம் நாட்டுக் குற்றச் சட்டம் வெள்ளைக்காரன் காலத்து மருமகள். அரசியல் சட்டம் பல காலம் கழித்து வந்த மாமியார். இப்படி ஒரு வீடு எங்கேயாவது உண்டா? மருமகள் ஏற்கனவே வீட்டைத் தன் போக்கில் ஆண்டுகொண்டிருக்கிறாள். பிடிப்பது, அடைப்பது, விலங்கு மாட்டுவது எல்லாம் அவள் வைத்ததுதான். மாமியார் வந்து, இனி யாருடைய உயிரையும் உடம்பையும் சட்டம் சொல்கிற முறைப்படி அல்லாமல் தொடக்கூடாது என்றாள். சரி, அந்தச் சட்டமே அநியாயமாக இருந்தால்? அதை ஆரம்பத்திலேயே கேட்டார்களாம், குடியரசு பிறந்த வருஷமே. "சட்டம்னு ஒண்ணு எழுதியிருந்தாப் போதும், அது நியாயமான்னு கோர்ட் கேக்காதுன்னு அன்னைக்கே சொல்லிட்டாங்க டீச்சர். அந்த ஒரு வரியிலதான் இத்தனை பேரு உள்ள இருக்காங்க" என்றார் வக்கீல் சார். அதோடு விட்டதா? விசாரணை இல்லாமல் அடைத்து வைக்கிற அந்தச் சாவியும் மாமியார் இடுப்பிலேயேதான் தொங்கியது. ஒரே பிரிவில் மேலே ஒரு நாளுக்குள் கோர்ட்டில் நிறுத்து என்று எழுதி, கீழே முன்னெச்சரிக்கையாகப் பிடித்தவனுக்கு அது கிடையாது என்று எழுதியிருக்கிறார்கள். நான் அத்தனை வருஷம் எட்டாம் வகுப்புக்குக் குடிமையியல் நடத்தியிருக்கிறேன், எங்கள் பாடப்புத்தகத்தில் அந்தக் கீழ்ப்பாதி இருந்ததே இல்லை.

எமர்ஜென்ஸி வந்த வருஷமும் அதே பாடம் நடத்த வேண்டி வந்தது. அடிப்படை உரிமைகள். கரும்பலகையில் எழுதிவிட்டுத் திரும்பினால், முன் பெஞ்சில் ஒரு பிள்ளை எழுந்து நின்றாள். குறும்புக்காரியும் இல்லை, நல்ல பிள்ளை. "டீச்சர், அப்ப நம்ம தண்டல் மாமா மட்டும் ஏன் உள்ள இருக்காவ?" என்று கேட்டாள். தோணியை நடத்துகிறவரைத் தண்டல் என்று சொல்லி, உன் அப்பாவை ஊர் முழுக்க அப்படித்தான் கூப்பிட்டது. "உட்காரு. பரீட்சைக்கு வராது" என்றேன். ஆசிரியர் அறையில் வந்து அழுதேன். பிறகு தில்லியில் பெரிய கோர்ட்டும் சொல்லிவிட்டது, நெருக்கடி நிலையில் அடைபட்டவன் ஏன் என்று கேட்டு எந்தக் கோர்ட்டுக்கும் போக முடியாது என்று. உயிரையே எடுத்தாலுமா என்று ஒரு நீதிபதி கேட்டதற்கு, ஆமாம் அப்படித்தான் என்று அரசாங்க வக்கீல் பதில் சொன்னாராம். ஐந்து பேரில் ஒருவர் மட்டும் மாட்டேன் என்றார். அவர் படத்தைப் பத்திரிகையிலிருந்து வெட்டி உன் மேஜையில் ஒட்டி வைத்திருக்கிறாய். அதன் பிறகு அவருக்கு வர வேண்டிய பதவி வராமல் போனதும் உனக்குத் தெரியும். தெரிந்தும் ஒட்டியிருக்கிறாயே என்று அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பெருமையாகவும் பயமாகவும் இருக்கிறது.

ஜெயிலுக்குப் பார்க்கப் போகும்போது உன் அப்பா என்னிடம் என்ன கேட்பார் தெரியுமா? உன்னைப் பற்றிக் கேட்பார், பிறகு குரலைத் தாழ்த்தி, "அந்த ரெண்டு பயலுவளும் கர சேந்துட்டானுவளா? ஏதாவது தகவல் உண்டா?" என்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். "ஒங்கள இங்கன கெடக்க வச்சிட்டுப் போனவனுவ மேல என்ன கரிசனம்?" என்று கத்தியிருக்கிறேன், காவலாளி திரும்பிப் பார்க்கிற அளவுக்கு. "நீரோட்டம் அன்னைக்கு வேகமா இருந்துச்சுளா" என்பார். அவ்வளவுதான். அப்படி ஒரு மனிதர் உள்ளே போனார். எப்படிப்பட்ட மனிதராக வெளியே வந்தார் என்பதைத்தான் நீ அறியமாட்டாய்.

எமர்ஜென்ஸி போனதும் விட்டார்கள். கயிறு கொடுத்த வழக்கும், அவருக்கு எதுவும் தெரியும் என்பதற்குச் சாட்சி இல்லை என்று தள்ளுபடியாயிற்று. முதலாளி பழைய தோணியையே கொடுத்தார். நீ மெட்ராஸில் சட்டக் கல்லூரியில் இருந்தாய். அடுத்த வருஷம் ஒரு பாஸ்போர்ட் வழக்கில், சட்டம் என்று எழுதியிருந்தால் மட்டும் போதாது, அது நியாயமாகவும் இருக்க வேண்டும் என்று பெரிய கோர்ட் சொன்னதாக நீ எனக்கு எழுதியபோது, அந்தத் தாளை வைத்துக்கொண்டு நான் எவ்வளவு நேரம் இருந்தேன் தெரியுமா? கால் நூற்றாண்டுக்கு மேல் வாயை மூடிக்கொண்டிருந்த மாமியார் ஒருவழியாக வாயைத் திறந்துவிட்டாள் என்று நினைத்தேன். உன் அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். "நல்லதுதான்" என்றார். எழுந்து வெளியே போய்விட்டார். அப்போது அவர் கடலுக்குப் போவதை விட்டுச் சில மாதம் ஆகியிருந்தது. நெஞ்சுச் சளி, ஜெயிலில் பிடித்தது, டாக்டர் போகக்கூடாது என்று சொல்லிவிட்டார் என்றுதான் உனக்கு எழுதினோம். நெஞ்சுச் சளி உண்மை. டாக்டர் அப்படிச் சொல்லவில்லை.

நடந்தது இது. விடுதலையாகி வந்த பிறகு அவர் கொழும்புக்குப் போய்த் திரும்பிய நடை. காற்று மோசமாக இருந்த நாள். திருச்செந்தூருக்கு நேரே வரும்போது ஒரு வல்லம், பாய்மரம் முறிந்து, கம்பில் சேலையைக் கட்டி ஆட்டியது. தோணியில் இருந்தவர்கள் பார்த்துச் சொன்னார்கள். உன் அப்பா சுக்கானைத் திருப்பவில்லை. நேரே விடச் சொன்னார். தண்டல் சொன்ன பிறகு யாரும் மறுபேச்சுப் பேசவில்லை. மறுநாள் ஆலந்தலையில் கரை ஒதுங்கியது ஒருவன்தான். கூட இருந்த அவன் அண்ணன் உடம்புகூடக் கிடைக்கவில்லை.

பிழைத்தவன் சில வாரம் கழித்து நம் வீட்டுக்கு வந்தான். சங்கு குளிக்கப் போகிறவன், சின்ன வயசு. நான் காப்பி போட்டுக் கொண்டுவந்தபோது வாசலுக்குள் தரையில் உட்கார்ந்திருந்தான், நாற்காலியில் உட்கார மாட்டேன் என்றுவிட்டான். சண்டைக்கு வந்திருக்கிறான் என்று நினைத்தேன். கெஞ்ச வந்திருந்தான். "தண்டல், ஒங்க தோணின்னு எங்களுக்குத் தெரியும். பாயப் பாத்ததும் அண்ணன் சொன்னான், தண்டல் வாராவ, இனி பயமில்லன்னு. வெயிலு எதிர்க்க அடிச்சுது, ஒங்களுக்குக் கண்ணு தெரிஞ்சிருக்காது. மதினி கெடந்து ஒங்கள ஏசுதா. நீங்க பாக்கலன்னு ஒங்க வாயால ஒரு வார்த்தை சொல்லிட்டியன்னா, நான் போயி அவ கிட்டச் சொல்லிருவேன். அவளும் அடங்கிருவா" என்றான்.

எவ்வளவு சுலபமான வார்த்தை அது. நான் டம்ளரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சொல்லிவிடுங்கள், சொல்லிவிடுங்கள் என்று எனக்குள் கிடந்து அடித்துக்கொண்டது. உன் அப்பா அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். "பாத்தேன் தம்பி" என்றார். "சேலையையும் பாத்தேன். ஒங்க அண்ணன் மொகத்தையும் பாத்தேன்."

அவன் காப்பியைத் தொடவில்லை. எழுந்து போய்விட்டான். அவன் மதினியிடம் என்ன சொன்னானோ, எனக்குத் தெரியாது. அன்று சாயங்காலம் நான் கேட்டேன், ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று. முகத்தைத் திருப்பிக்கொண்டே சொன்னார். "கயிறு எடுக்கத்தான் குனிஞ்சேன். கை வரல. வல்லத்துல என்ன வச்சிருக்கானுவளோன்னு ஒரு நெனப்பு வந்துட்டு. எனக்கு வெவரம் தெரிஞ்ச நாளா கடல்ல எவனப் பாத்தும் அப்படி நெனச்சது கெடையாது. அன்னைக்கு நெனச்சேன்." வல்லத்தில் என்ன இருந்தது தெரியுமா? வலையும் தண்ணீர்க் குடமும்தான்.

இப்போது சொல், எது சரியாயிற்று? தில்லியில் எழுதிய ஒரு வரி, ஜெயில் வழியாக வந்து, சுக்கானைப் பிடித்த கைக்குள் புகுந்துவிட்டது. அந்த வரியைத் திருத்திவிட்டார்கள். நல்ல காரியம், வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் நாம் வழக்குப் போட்டால் ஜெயிலில் கிடந்த நாளுக்காவது யாரையாவது குற்றம் சொல்லலாம். ஆலந்தலைக்காரன் செத்ததற்கு யார்மேல் எந்தப் பிரிவில் வழக்குப் போடுவாய்? அவனைக் கொன்றது உன் அப்பா மட்டும்தான் என்று என்னால் சொல்ல முடியவில்லை. இல்லை என்று சொல்லவும் முடியவில்லை. தான்தான் என்று உன் அப்பா கடைசிவரை சொன்னார். கோயிலில் பாவசங்கீர்த்தனம் செய்தார், சாமியார் மன்னிப்புக் கொடுத்தார், அதுவும் அவருக்குப் போதவில்லை. செத்தவன் மனைவியிடம் தானே போய்ச் சொல்ல வேண்டும் என்று ஒரு நாள் பஸ் ஏறினார். திருச்செந்தூர் வரை போய்விட்டு, அங்கிருந்து நடக்க மூச்சு இல்லாமல் திரும்பி வந்துவிட்டார். அடுத்த தடவை போகலாம் என்றார். அடுத்த தடவை அவருக்கு வாய்க்கவில்லை. நீ வந்து மண் போட்டாய்.

உன்னிடம் சொல்லக்கூடாது என்று என்னிடம் வாக்கு வாங்கியிருந்தார். "அவன் சட்டம் படிக்கான், என்னப் பத்தி நல்லதா நெனச்சிக்கிட்டே படிக்கட்டும்" என்றார். அந்த வாக்கை நான் இப்போது மீறுகிறேன். நீ அவரைப் பற்றி நல்லதாகவே நினை, எனக்கும் அவரைவிட நல்லவரைத் தெரியாது. ஆனால் பொய்யான அப்பாவை மனதில் வைத்துக்கொண்டு நீ அந்த நாற்காலியில் உட்காருவதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. நாளைக்கு உன்னிடம் கட்டுக் கட்டாகக் காகிதம் வரும். ரிமாண்டுக்கு வருகிறவன் பத்துப் பதினைந்து பேராக நிற்பான். முன்னெச்சரிக்கைக் காவல் என் மேஜைக்கே வராது அம்மா என்பாய். வராது, தெரியும். உன் மேஜைக்கு வருகிறவனையாவது, அடித்தார்களா, வக்கீல் வேண்டுமா, உனக்கு இதெல்லாம் புரிகிறதா என்று அவன் பாஷையில் கேள். நேரமாகும். போலீஸ்காரர்கள் முணுமுணுப்பார்கள். மேலே இருக்கிறவர்களுக்கும் பிடிக்காமல் போகும். போகட்டும்.

சனிக்கிழமை நீ வீட்டுக்கு வராதே. நேரே திருச்செந்தூரில் இறங்கி ஆலந்தலைக்குப் போ. கோயிலுக்குப் பின்தெரு, சங்கு குளிக்கிறவன் மதினி வீடு என்றால் யாரும் காட்டுவார்கள். ஒரு பெண் குழந்தை இருக்கிறதாம். மாஜிஸ்திரேட் என்று சொல்லிக்கொள்ளாதே. தண்டல் மகன் என்று சொல். அப்பா பார்த்தார், பார்த்துவிட்டுத்தான் போனார், உங்களிடம் சொல்ல வந்தார், வர முடியவில்லை என்று சொல். ஏன் போனார் என்று அவள் கேட்டால் மட்டும் சொல், கேட்காவிட்டால் காரணம் சொல்லாதே. அவள் ஏசினால் கேட்டுக்கொள். கதவைச் சாத்தினால் வெளியே நில். போ என்று அவள் சொல்லும் வரை நில், மகனே. திங்கட்கிழமை உன் முன்னால் கொண்டுவந்து நிறுத்தப்படுகிறவனும் அப்படித்தான் நிற்பான்.

உன் அம்மா